வெளிநோயாளரும் வழிச்செலவும்

‘வெளிநோயாளர்’ என்னுஞ் சொல் மருத்துவமனை வாயில்தோறும் எழுதப்பட்டிருக்கக் காண்கின்றோம். உள்ளே படுக்கை பெறாது, மருந்து வாங்கிக்கொண்டு அன்றே இல்லந் திரும்புவோர் என்பது அதன் பொருள். சளியும் சுரமும் சிரங்கும் கொண்டு வருவோர்க்கு இப்பெயர் பொருந்துவதே. ஆயின், புற்றுநோய் போன்ற பெருநோய் உற்றாரும் இக்காலத்திற் பெரும்பாலும் வெளிநோயாளராகவே மருத்துவம் பெறுகின்றனர் என்பதை நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்?

அறுவை செய்யுங்கால் சில நாள் படுக்கை வேண்டும். அதன் பின்னரோ, அதற்கு மாறாகவோ அளிக்கப்பெறும் கதிர்வீச்சும், கீமோதெரபி எனப்படும் மருந்தேற்றலும் பெரிதும் பகற்பொழுதிலேயே முடிந்துவிடுகின்றன. நோயாளர் சில மணிநேரம் சாய்ந்திருந்து மருந்தை ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு செல்லலாம். கதிர்வீச்சோ பத்துப் பதினைந்து நிமிடத்திற் கழியும். இஃது ஒரு நன்மையே என்பதில் ஐயமில்லை. தன் இல்லத்தில், தன் மக்கள் நடுவே, தனக்குப் பழகிய கஞ்சியைக் குடித்து உறங்குதல் எந்த மருத்துவமனைக் கட்டிலினும் மேலானது. ஆனால், படுக்கையை நீக்கியபோது அப்படுக்கையைச் சூழ்ந்திருந்த காவலையும் உடன் நீக்கிவிட்டோம். வேளைக்கு மருந்து கொடுத்தல், சுரம் பார்த்தல், இன்ன உணவு ஆகும் இன்னது ஆகாது என்று சொல்லுதல், மறுமுறை வரவேண்டிய நாளை நினைவூட்டல் ஆகிய செவிலியர் பணி யாவும் ஓசையின்றி நோயாளர் வீட்டாரின் தலைமேல் ஏற்றப்பட்டன. அப்பணியை அவர்களுக்குக் கற்பித்தார் மிகச் சிலர். அதற்காக அவர்கள் இழக்கும் கூலியை ஈடுசெய்தார் எவருமிலர்.

பூதலூரை எடுத்துக்கொள்வோம். திருச்சிராப்பள்ளிக்கும் தஞ்சைக்கும் இடையே, இருப்புப்பாதையில் ஆலக்குடிக்கும் சோளகம்பட்டிக்கும் நடுவில் உள்ள ஊர் அது. கல்லணைக்கு அண்மையது, நெல்லே அதன் வாழ்வு. தஞ்சை நகரம் அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்நகரத்து அரசினர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இவ்வட்டாரத்து ஏழை மக்களுக்குப் பெரும் புகலிடம். இனி, பூதலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் நடவு நட்டுப் பிழைக்கும் ஒரு தாய்க்குக் கன்னத்தின் உட்புறம் புற்று வந்ததாகக் கொள்வோம். இது வெறுங் கற்பனையன்று. வெற்றிலையோடு புகையிலையையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நாளெல்லாம் சேற்றிற் குனிந்து நிற்கும் வழக்கம் காவிரி நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. அவ்வழக்கம் அந்நோய்க்கு முதற் காரணம் என்பது மருத்துவர் யாவரும் ஒப்பிய முடிபு. அறுவைக்குப் பின் அவ்வம்மைக்கு 30 நாள் கதிர்வீச்சு விதிக்கப்பெறும். வாரத்திற்கு 5 நாளாக 6 வாரம். போக வர நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர். ஆக 1,200 கிலோமீட்டர். காசி யாத்திரையில் ஏறக்குறையப் பாதி வழியை, வாய் வெந்து உமிழ்நீரும் விழுங்க மாட்டாத நிலையில், நாள்தோறும் பத்து நிமிடக் கதிருக்காக அவ்வம்மை கடக்க வேண்டும். துணைக்கு ஒருவர் உடன் செல்ல வேண்டும். அவ்வொருவர் மகனாயின் அவன் கூலியும் போயிற்று. மகளாயின் அவள் கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்னும் கேள்வி எழும்.

இவர்கள் இடையிலே நின்றுவிடுவதில் வியப்பென்ன? மேட்டூரில் நீர் திறந்து கல்லணையும் திறந்துவிட்டால் நடவு நாள்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. அந்நாள்களில் ஈட்டும் கூலி பல மாதங்களுக்கு அடுப்பெரிக்கும். ‘ஒரு வாரந்தானே, நடவு முடித்துவிட்டு வருவோம்’ என்று எண்ணுவது அறியாமையன்று, கணக்கு. ஆனால் அக்கணக்கில் அவர்கள் அறியாத ஒரு வரி உண்டு. வயலிற் களை பறிப்போர் கோரையைப் பாதி பறித்து ஒரு வாரம் விட்டுவிட்டால் எஞ்சிய கிழங்கினின்று அது எத்துணை விரைவில் தழைத்தெழும் என்பதைப் பூதலூர்ப் பெண்டிர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கதிர்வீச்சிற் பாதி அழிந்த புற்றும் அவ்வாறே. எஞ்சிய அணுக்கள் இடைவெளியிற் பெருகத் தொடங்குகின்றன. வாய், தொண்டை, கருப்பைவாய் ஆகிய இடங்களில் உண்டாகும் புற்றுக்குக் கதிர்வீச்சு குறித்த காலத்தில் முடியாது நீளுமாயின், நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் அவ்விடத்தில் அடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு குறைகின்றது என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் கண்டுள்ளன. கருப்பைவாய்ப் புற்றுக்கு உள்ளும் புறமுமாக அளிக்கும் கதிர்வீச்சு முழுவதும் 8 வாரத்துக்குள் முடிதல் வேண்டும் என்பது மருத்துவர் கொண்டுள்ள விதி. எனவே, விடுபட்ட பேருந்தும், துணைக்கு வாராத மகனும், கையில் இல்லாத ஐம்பது ரூபாயும் வெறும் வசதிக்குறைகள் அல்ல. அவை மருந்தின் அளவைக் குறைக்கும் செயல்கள். மருத்துவர் ஒருவர் அளவு குறைத்து மருந்து கொடுத்தால் நாம் பொறுப்போமா? வழி குறைத்தால் மட்டும் ஏன் பொறுக்கின்றோம்?

இதைக் கோரையை உவமை காட்டி நோயாளரிடம் யாரேனும் சொல்லியிருந்தால் அவர்களுட் பலர் எவ்வாறேனும் வந்திருப்பர் என்பது என் துணிபு. சொல்லும் வேலை எவருடையது என்பதே வரையறுக்கப்படவில்லை. மருத்துவர் முன் நூறு பேர் காத்து நிற்கின்றனர். செவிலியர்க்கு ஊசியும் குழாயும் போக நேரமில்லை. வாயிற்காவலரோ ‘அடுத்த ஆள்’ என்கின்றார்.

நம் மாகாணத்தில் புற்றுநோய் மருத்துவத்தின் தொடக்கத்தை நினைத்தால் இக்குறை அன்றே உணரப்பட்டிருந்தது விளங்கும். பூதலூருக்குத் தெற்கே, அண்மையில் உள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, ஆண்மக்களே பயின்ற கல்லூரியில் இடம்பெற்றுக் கற்று, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தம் உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே, இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்று அவரைப் பல்லாண்டு அலையச் செய்தது. 1952-இல் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பெற்றது. அதில் 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021 சனவரியில் மறையுமளவும் அதனையே தம் வீடாகக் கொண்டு வாழ்ந்தார். பணமில்லாதார்க்குக் கட்டணமின்றியும் குறைந்த கட்டணத்திலும் மருத்துவம் செய்தமையை எல்லாரும் பாராட்டுவர். யான் பாராட்ட விழைவது அந்நிலையத்தின் மற்றொரு பழக்கத்தை. வந்து சென்றவர் பின்னர் எவ்வாறு உளர் என்று தேடுதல். 1980-களின் தொடக்கத்திலிருந்து அந்நிலையத்தார் நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்காக அஞ்சலிலும், தொலைபேசியிலும், அவை பயன்படாதவிடத்து வீடு தேடிச் சென்றும் நோயாளர் நிலையை உசாவி எழுதினர். ஆராய்ச்சிக் கணக்குக்காக அது செய்யப்பட்டதென்பது உண்மையே. ஆயினும், வராதவரைத் தேடிச் செல்லலாம், தேடினால் கிடைப்பர் என்பதற்கு அதுவே சான்றாக நிற்கின்றது. சென்னை போன்ற பெருநகரத்தில் தெருவும் கதவெண்ணும் தேடிக் கண்டுபிடிக்க இயலுமாயின், தலையாரி முதல் டீக்கடைக்காரர் வரை ஒருவரையொருவர் அறிந்திருக்கும் பூதலூர் வட்டாரத்தில் ஏன் இயலாது?

மருத்துவமனை வாயிலில் அயலூரார் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதும் நமக்குப் புதிய கருத்தன்று. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சேதுயாத்திரை செல்லும் வழியெல்லாம் சத்திரங்கள் கட்டிவைத்தனர். ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் இரண்டாஞ் சரபோசி மன்னர் எடுத்தது. அம்மன்னர் 1801-இல் ஆங்கில அரசின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்றில், அச்சத்திரங்களிற் சோறிடுவது மட்டுமன்றி, வழியில் நோயுற்றார்க்கு மருந்தும் பத்திய உணவும் கொடுத்து, அவர் குணமடையும் வரையில் அன்போடு பேணும் வழக்கத்தையும் எடுத்துரைத்துள்ளார். தஞ்சை நகரத்தில் உள்ள இராசா மிராசுதார் மருத்துவமனையின் பெயரைச் சற்றே நின்று படித்தால், 19-ஆம் நூற்றாண்டில் இச்சீமையின் நிலக்கிழார் கொடுத்த கொடை அதனுள் இருப்பது தெரியும். சத்திரம் கட்டிய நாடு, கோயிலுக்கு மணியும் கலசமும் இன்றும் வாரி வழங்கும் நாடு, கதிர்வீச்சுக்கு வரும் வெளியூர் ஏழையை ஆறு வாரம் தங்கவைக்கப் பத்து அறை கட்ட மாட்டாது என்று யான் நம்பவில்லை. கேட்பார் இல்லாமையால் கொடுப்பாரும் இலர். பும்பாய், சென்னை முதலிய பெருநகரங்களில் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் அருகே அறநிலையத்தார் இத்தகைய விடுதிகள் நடத்துவதை அன்பர் பலர் கண்டிருப்பர்.

இனி மருந்தேற்றலுக்கு வருவோம். இங்கே வழியினும் வீட்டில் நிகழ்வதே பெரிது. பொதுவாக மூன்று வாரத்திற்கு ஒருமுறை மருந்தை ஏற்றி அனுப்புவர். ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் மிகக் குறையும். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் படை அதுவே. அந்நாள்களில் 100.4 பாகை சுரம் கண்டால் அது வெறுஞ் சுரமன்று. இரவென்றும் மழையென்றும் பாராது அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில மணி நேரத் தாழ்வும் உயிருக்குத் தீங்காகலாம். நம் ஊர்களில் சுரம் வந்தால் என்ன செய்வர்? கஷாயம் வைப்பர், மறுநாள் அருகில் உள்ள மருந்தகத்தில் மாத்திரை வாங்குவர், மூன்றாம் நாள் ஊசி போட்டுக்கொள்வர். ஏனைச் சுரத்துக்கு இம்முறை தீங்கில்லை என்றாலும், இச்சுரத்துக்கு அது கூற்றுவனுக்கு விடும் அழைப்பேயாம். இவ்வொரு செய்தியைத் தமிழில், பெரிய எழுத்தில், நாளையும் குறித்து, அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எத்தனை உயிர் பிழைக்கும்! ஆனால் வெளிநோயாளர் கையில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலக் குறுக்கெழுத்து; மருத்துவர்க்கு மருத்துவர் எழுதிக்கொள்ளும் குழூஉக்குறி. அது வேண்டாவென்று யான் கூறவில்லை. அவர்க்கு அது வேண்டுவதே. நோயாளர்க்கென்று இன்னொரு தாள் வேண்டும். எழுத்தறியாத் தாய்க்கு அதனைப் படித்துக்காட்டப் பேரப்பிள்ளையொன்று எவ்வீட்டிலும் இருக்கும்.

மற்றொரு சிறு செய்தி. மருந்தேற்றுமுன் குருதியைச் சோதித்து, அணுக்கள் போதிய அளவில் உள்ளனவா என்று பார்ப்பர். குறைந்திருந்தால் ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று திருப்பிவிடுவர். விடியுமுன் புறப்பட்டு, வரிசையில் நின்று, குருதி கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, பிற்பகலில் வெறுங்கையோடு திரும்புவோர் மனம் என்ன பாடுபடும்! அச்சோதனையை முன்னாளே தம் ஊர்க்கு அணித்தான அரசு சுகாதார நிலையத்திற் செய்து முடிவைத் தொலைபேசி வாயிலாக அறிவித்தால் இவ்வலைச்சல் பாதியாகும். இதற்குப் புதிய கருவியும் வேண்டா, புதிய சட்டமும் வேண்டா. ஓர் உத்தரவும் ஓர் ஆளும் போதும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் நன்றி மறத்தலாகும். 2009 முதல் இம்மாநிலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்னும் பெயரில் நடைபெறுகின்றது. கதிர்வீச்சும் மருந்தேற்றலும் அதில் அடங்கும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளிற் பெண்டிர்க்குக் கட்டணமில்லை. இந்திய இரயில்வேயில் மருத்துவத்திற்கும் மறுபரிசோதனைக்கும் செல்லும் புற்றுநோயாளர்க்கு இரண்டாம் வகுப்பிற் கட்டணத்தில் நூற்றுக்கு 75 பங்கும், படுக்கை வகுப்பில் முழுவதும் தள்ளுபடி உண்டு. உடன் செல்லும் துணைவர்க்கும் இவ்விரு வகுப்பிலும் 75 பங்கு தள்ளுபடி உண்டு. மருத்துவமனையார் உரிய படிவத்திற் சான்று எழுதித் தரவேண்டும், அவ்வளவே. சென்னைக்கோ வேலூருக்கோ செல்லும் குடும்பத்துக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி! ஆயினும் இச்சலுகையை அறியாமலே முழுக் கட்டணம் கொடுத்துச் செல்வோரை யான் கண்டிருக்கிறேன். உரிமை ஏட்டில் இருக்கின்றது. அதைப் பெறும் வழியைச் சொல்வார் வாயிலில் இல்லை.

இவ்விடத்து நம் மாணவர்க்கு ஒரு வேலை உண்டு. ஆண்டுக்கொருமுறை பழக்கூடையோடு மருத்துவமனைக்குச் சென்று, நோயாளர் அருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் தொண்டை யான் கருதவில்லை. அதனால் நோயாளர்க்கு ஓர் ஆரஞ்சுப்பழத்தின் அளவே பயன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் உள்ள மாணவர் இருவர், முறைவைத்து, வெளிநோயாளர் கூடத்தில் ஒரு மேசையிட்டு அமர்க. படிவம் நிரப்பிக் கொடுக்க. எந்த அறை எங்கே என்று காட்டுக. மருத்துவர் கூறியதைத் தமிழில் எழுதிக் கொடுக்க. அடுத்த வரவு நாளுக்கு முந்தின மாலை தொலைபேசியில் நினைவூட்டுக. மருந்தைப் பற்றித் தம் மனம்போனவாறு அறிவுரை கூறாதிருக்க மட்டும் அவர்களுக்குக் கண்டிப்பாகப் பயிற்சி வேண்டும். பெரிய அம்மா, ஐயா என்று அழைத்து அருகே அமர்ந்து பேசும் ஓர் இளம்பிள்ளை அங்கே இருந்தால், மருத்துவரிடம் கேட்க நாணிய கேள்விகள் தாமே வெளிவரும்.

நாணம் என்றேன். பெண்டிர் பலர் மார்பிலும் கருப்பையிலும் உண்டான நோயை மாதக்கணக்கில் மறைத்துவைப்பதற்கு அதுவும் அச்சமுமே காரணம். நோயின் பெயரே அச்சத்தை வளர்க்கின்றது. மேலைநாட்டார் இதற்கு நண்டின் பெயரை இட்டனர். நாமோ புற்று என்றோம். நண்டு வரப்பில் வளை வைத்தால் ஓரிரவில் வயல்நீர் வடிந்துபோகும் என்பதை அறிந்த உழவர், வளை சிறிதாயிருக்கும்போதே சேறு வைத்து மிதித்து அடைப்பர். வாயில் ஆறாப் புண், மார்பில் நோவில்லாக் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் குருதிப்போக்கு ஆகியவற்றை அவ்வாறு தொடக்கத்திலேயே கண்டு கூறினால் பெரும்பாலும் குணப்படுத்தலாம் என்பதை ஊர்தோறும் சொல்லலாம். சொல்லத் தகுந்தவர், குணமடைந்து வாழும் நோயாளரே. கதிர்வீச்சு முடித்துப் பல்லாண்டாக வயல் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பெண், புதிதாய் வந்தவள் கையைப் பிடித்துக்கொண்டு ‘எனக்கும் இப்படித்தானம்மா வாய் வெந்தது, ஆறிப்போகும்’ என்று சொல்வதற்கு நிகரான மருந்தை எக்கடையிலும் வாங்க முடியாது. அத்தகையாரை வாரத்துக்கொரு நாள் வெளிநோயாளர் கூடத்துக்கு வழிச்செலவு கொடுத்து அழைப்பது எம்மருத்துவமனைக்கும் இயல்வதே.

குணமாகாதவர் செய்தியையும் விடுதல் ஆகாது. ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்னும் சொல்லைக் கேட்டுத் திரும்புவோர் உண்மையிலேயே வெளிநோயாளர் ஆகின்றனர். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது பிழை. நோவைத் தணிக்க மார்பின் மாத்திரை உண்டு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் அது கிடைப்பது அரிதாயிருந்தது; 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. அண்டை நாடான கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர் சிலர் தொடங்கிய நோவு தணிக்கும் பணி, ஊரார் தாமே பயிற்சி பெற்று அயல்வீட்டு நோயாளரைப் பேணும் பெரிய இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் அம்மாநில அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. அங்கே செவிலியர் வீட்டுக்குச் சென்று புண் கழுவுவர். அயலார் அரிசி கொண்டுவருவர். நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இத்தகைய ஆதரவுச் சிகிச்சை சேர்க்கப்பட்டுள்ளது. திட்டம் வாயிற்படி வரை வந்துவிட்டது. இன்ன தெருவில் இன்னார் நோவோடு படுத்திருக்கின்றார் என்று திட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியவர் அவ்வூராரே. பெரிய மருத்துவமனையினின்று ‘வீட்டுக்கு’ என்று எழுதி அனுப்பும் அதே நாளில், அச்சீட்டின் படியொன்று அவ்வூர்ச் சுகாதார நிலையத்துக்கும் சென்றால் இடையில் ஒருவரும் தொலைந்து போகார்.

இவையெல்லாம் நல்லனவே, ஆனால் பணம் எங்கே என்று கேட்பர். யான் கேட்பது, ஒவ்வொரு மாவட்டப் புற்றுநோய்ப் பிரிவிலும் வெளிநோயாளர்க்கென்றே அமர்த்தப்பட்ட ஒருவர். கையில் ஒரு பேரேடு, ஒரு தொலைபேசி. இன்று வரவேண்டியவர் யார், வந்தவர் யார், வாராதவர் யார் என்று மாலை ஐந்து மணிக்குப் பேரேட்டைப் பார்த்து, வாராதவரை அன்றிரவே அழைத்து, ‘என்ன தடை?’ என்று உசாவுவதே அவர் வேலை. தடை பேருந்தாயின் மறுநாட் காலை நேரத்தை மாற்றித் தரலாம். துணையாயின் அவ்வூரார் ஒருவரை நாடலாம். நடவாயின் கோரையைப் பற்றிச் சொல்லலாம். கதிர்வீச்சுக் கருவியொன்றின் விலை பல கோடி ரூபாய். அப்பேரேட்டை வைத்திருப்பவரின் ஓராண்டுச் சம்பளம், அக்கருவியை ஓராண்டு பழுதின்றிப் பேணுவதற்கு ஆகும் செலவினும் மிகக் குறைவு.